ஹொக்கைடோ பயணம்: சனிக்கிழமை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகும் ஐந்து குடும்பங்களும் நவம்பர் 28, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் புளோக் கீழ்த்தளத்தில் கூடுகிறோம்.

போன முறை பனிப்புயலில் மின்சாரம் போய், இரவு முழுக்க ஆறு பேர் ஒரே அறையில் சுருண்டு கிடந்தோம். மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தது. ஆனால் அதன் விசிறி ஓடவே மின்சாரம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது! அம்மா கைப்பையில் இருந்த முறுக்குதான் இரவுச் சாப்பாடு. அதனால்:

1. ஆளுக்கொரு டார்ச், பவர் பேங்க். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.
2. அங்கே 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். அடாப்டர் வாங்கிவிடுங்கள்.
3. மருந்து நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக.
4. கார் எடுப்பவர்கள்: பனியில் சிக்கினால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். குழாய் அடைபட்டால் புகை காருக்குள் வந்துவிடும்; அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. இதைக் கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம்.
5. அங்கே ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் சேராது. தேநீர், வடை என் பொறுப்பு.