வாயு தீர்ந்தபின் துகள் எங்கே போகிறது?

திருநெல்வேலிச் சீமையில், புற்றுநோய்க் கட்டிக்குள் வாயுவைச் சுமந்து போய் விடும் நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துகள்) ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

ஹைகிரவுண்ட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிற மருந்தாளுநர் நான். போன மாதம் முக்கூடலில் இருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரரின் கீமோ சீட்டோடு ஒரு செய்தித் துண்டையும் நீட்டினார். "அண்ணாச்சி, கட்டிக்குள்ள போயி வாயுவ விட்டு அழிக்கிற ஊசியாமே, எப்ப வரும்?" கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லோடு நின்ற ஆய்வு அது. எலிக்குக்கூடப் போகவில்லை. அதைச் செய்தியில் யாரும் சொல்லவில்லை.

உங்கள் யோசனையைக் குறை சொல்லவில்லை. கீமோவுக்கு மசியாத கட்டியை நைட்ரிக் ஆக்சைடு மசிய வைக்கலாம் என்பதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அதே வாயு கொஞ்சமாகப் போனால் கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவும் உதவும். அளவு தப்பினால் வளர்ப்பது நாமாகிவிடுவோம். கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். ஹைட்ரஜன் சல்பைடோ, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்களைச் சாய்க்கிற வாயு. இவற்றைச் சுமக்கும் துகள் கட்டிக்குப் போய்ச் சேரும்வரை வாய் திறக்காது என்று எதை வைத்து நம்புவது?

போய்ச் சேருவதும் சொற்பம்தான். பத்தாண்டுக் கட்டுரைகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வில், ஊசியில் ஏற்றிய துகளில் கட்டியை எட்டியது இடைநிலை மதிப்பாக (median) 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். சுமார் 6 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள் சிறுநீரகம் வழியாக எளிதில் வெளியேறாது. வாயு தீர்ந்தபிறகு, துகளைச் செய்த சிலிக்காவும் மாங்கனீசு போன்ற உலோகமும் என்ன ஆகின்றன? மாங்கனீசு உடம்பில் சேர்ந்தால் மூளை நரம்பைப் பாதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் கட்டுரைகளில் நான் பார்ப்பது என்ன? செல்லுக்கு 24 மணி நேரம், எலிக்குச் சில வாரம். "எலியின் எடை குறையவில்லை" என்று ஒரு படம். உறுப்புகளைச் சாயமேற்றி எடுத்த நாலு படம். அதோடு "பாதுகாப்பானது" என்று முடிவுரை. சரி, அந்த எலி நல்ல ரத்தமும் நல்ல கல்லீரலும் உள்ள எலி. என் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டாது, கல்லீரல் ஏற்கெனவே கீமோவில் அடிபட்டிருக்கும். ரத்தசோகை உள்ளவர் உடம்பில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் கணக்கே வேறு. ரத்தசோகை வரவழைத்த எலியில் ஒருமுறை பார்க்கலாமே! ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபினையும் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்), நைட்ரிக் ஆக்சைடு என்றால் மெத்ஹீமோகுளோபினையும் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிய ஹீமோகுளோபின்) அளந்து எழுதலாமே. துகள் கல்லீரலை விட்டுப் போக எத்தனை மாதம் ஆகிறது என்றும்தான்.

அப்புறம் இன்னொன்று. பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போது, செல்லில் பார்த்தோமா எலியில் பார்த்தோமா, மனிதருக்குக் கொடுத்தோமா இல்லையா என்பதை முதல் வரியிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். நிருபர் வெட்டினால் சண்டை போடுங்கள். அந்த வரியை எனக்கும் அனுப்பினால் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை மருந்தாளுநர் ஒருவர்