ராபி ஃப்ரோமனுக்கு ஒரு ஸலாம்

அன்புள்ள ராபி மெனாஹெம் ஃப்ரோமன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

2013 மார்ச்சில் இறந்துபோன ஒரு இஸ்ரேலிய யூத மதகுருவுக்கு ஸலாமா என்று கேட்பார்கள். அடக்கத்தலமான கபுறடியைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தானே நாங்கள். யூதருக்குச் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மதரசாவில் உஸ்தாது ஒரு சட்டம் சொல்லித்தந்தார். கழிப்பறையில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லக்கூடாது. உள்ளே இருப்பவர் பதிலும் சொல்லக்கூடாது. அஸ்ஸலாம் அல்லாஹ்வின் பெயர், அசுத்தமான இடத்தில் நாவில் வரக்கூடாது. உங்கள் மதச் சட்ட நூலான தல்மூதிலும் இதே சட்டம் இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. குளியல் கூடத்தில் 'ஷாலோம்' என்ற உங்கள் ஸலாமைச் சொல்லக்கூடாது, ஏனென்றால் அது இறைவன் பெயர். படித்ததும் சிரித்துவிட்டேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் காதையும் ஒரே தப்புக்குத்தான் திருகிக்கொண்டிருக்கிறார்கள்!

1993இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனருக்கும் இடையே ஒஸ்லோ சமாதான ஒப்பந்தம் போட்டவர்கள் மதத்தைச் செருப்பைப்போல வாசலில் கழற்றிவிட்டுப் பேசினார்கள். மதத்தால் வந்த சண்டையை மதத்தை வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்றீர்கள் நீங்கள். பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸைத் தொடங்கிய ஷேக் அகமது யாசீனைச் சிறைக்கே போய்ப் பார்த்தீர்கள். உங்கள் ஆட்களே உங்களைப் பைத்தியம் என்றார்கள்.

எனக்கும் உங்கள்மீது வருத்தம் உண்டு. நீங்கள் குடியிருந்த தெகோவா, 1967இல் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் எழுந்த யூதக் குடியேற்றம். உங்கள் வாசலைக் காத்த ராணுவத்தைப் பார்த்துத்தான் பக்கத்து பாலஸ்தீனக் கிராமமான துக்கூவின் ஊர்க்காரர் பயந்தார். இப்படி ஒரு மேடு பள்ளத்தில் நின்றுகொண்டு என்ன உரையாடல்? குல்லா போட்டு, நோன்புக் கஞ்சியைக் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போகும் தலைவர்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்தவன் நான். மத நல்லிணக்கம் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும்.

நாளைக்கே தெகோவா பாலஸ்தீன அரசின் கீழ் வந்தாலும் அதன் குடிமகனாக அங்கேயே இருப்பேன் என்றீர்களே, அங்கேதான் என் கொட்டாவி நின்றது. வீட்டையே பந்தயத்தில் வைத்துப் பேசுகிறவரை நம்பலாம்.

2010 அக்டோபரில் பெத்லகேமுக்குத் தெற்கே பெய்த் ஃபஜ்ஜார் பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார்கள். கம்பளம் எரிந்தது, குர்ஆன்கள் எரிந்தன, சுவரில் ஹீப்ருவில் கிறுக்கல். குடியேறிகள்மீதுதான் சந்தேகம். நீங்களும் இன்னும் சில ராபிகளும் புதுக் குர்ஆன்களை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனீர்கள். கண்டன அறிக்கை விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தன் வேதம் அல்லாத ஒரு வேதத்தை, பொறுக்கி எடுத்து, காசு கொடுத்து வாங்கி, கையில் ஏந்திப் போவதற்கு வேறு மனசு வேண்டும்.

நீங்கள் இறந்த மறுவருடம், 2014இல், உங்கள் மாணவர் ஒருவரும் அலி அபூ அவ்வாத் என்ற பாலஸ்தீனரும் வேறு சிலரும் சேர்ந்து 'வேர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அலியின் அண்ணன் இஸ்ரேலியச் சிப்பாய் சுட்டு இறந்தவர். அலியின் குடும்ப நிலத்தில்தான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. 2016 ஜனவரியில் கர்ப்பிணியாக இருந்த உங்கள் மருமகளை ஒரு பாலஸ்தீனப் பையன் கத்தியால் குத்தினான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். உங்கள் மனைவி ஹதஸ்ஸா அதற்குப் பிறகும் பேசுவதை விடவில்லை.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7ஐயும், அதற்குப் பின் காசாவில் விழுந்த பல்லாயிரம் உயிர்களையும் நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாரைத் தேடிப் போயிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பெய்த் ஃபஜ்ஜாரில் எரிந்த குர்ஆன்களை என்ன செய்தார்கள்? எங்கள் ஊரில் பழசாகிப்போன குர்ஆனை வீச மாட்டோம். வெள்ளைத் துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் குழி வெட்டிப் புதைப்போம். உங்கள் வேதமான தோராவின் பழுதான சுருளை நீங்களும் புதைப்பீர்களாமே. அன்றைக்கு அங்கே குழி வெட்டியிருந்தால், கேட்காமலேயே நீங்களும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டிருப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்களைப் பார்த்தே இராத ஒருவன்