"இது ஸ்கூலுக்கா?": டெக்சஸ் எல்லையில் வேலை பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள டாக்டர்களே,

டாக்டர் குறைவான ஊரில் வேலை பார்த்தால் நாடு திரும்ப வேண்டாம் என்ற ஜே-1 விசா விலக்கில் மூன்று வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிற, இனி வரப்போகிற உங்களுக்குத்தான் இது. நானும் அப்படி வந்தவள்தான், குழந்தை மருத்துவம். மெக்காலனில் சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்கும், 83ஆம் நெடுஞ்சாலையில் போலீஸ் எங்கே மறைந்து நிற்பார் என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி என்று பேச்சு வந்தால் மட்டும், இங்கிருக்கிற மெக்ஸிகன் குடும்பங்களைக் காட்டி, "இவங்க கல்ச்சர்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு ஒரு சீனியர் சொன்னார், நானும் எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்குச் சொன்னேன். தப்பு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் முதல் வருடம், ஆகஸ்ட், ஸ்கூல் திறக்கும் வாரம். ஏழாம் வகுப்புக்குப் போகும் பன்னிரண்டு வயதுப் பையனோடு ஓர் அம்மா வந்தார். ஸ்டார் கவுன்டியில் ஒரு கொலோனியாவில் (எல்லையோரத்தில் அடிப்படை வசதி இல்லாத குடியிருப்பு) வீடு, தார் போடாத தெரு. மச்சினருடைய டிரக்கை இரவல் வாங்கி, பேக்கிங் ஷெட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஸ்கூல் கொடுத்த சீட்டு, அதில் டீடாப் (டெட்டனஸ், டிஃப்தீரியா, கக்குவான் மூன்றுக்கும் சேர்த்து), மெனிஞ்ஜைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) என்று இரண்டு ஊசிக்கு டிக். இரண்டையும் போட்டு முடித்த பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னொன்று இருக்கிறது, எச்.பி.வி., கட்டாயமில்லை, உங்களுக்கு விருப்பம் இருந்தால்…" என்று இழுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது ஸ்கூலுக்கா?" இல்லை என்றேன். "அப்போ அடுத்த தடவை பார்க்கலாம் டாக்டர்." ஃபைலில் 'பெற்றோர் மறுத்தார்' என்று எழுதி மூடிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்துப் பையனின் தங்கைக்காக வந்தார், பையனும் மீசை அரும்பி கூடவே நின்றான். இந்தத் தடவை வெளியே பெஞ்சில் எங்கள் ப்ரொமோத்தோரா அவரிடம் முன்னாலேயே பேசியிருந்தார். (ப்ரொமோத்தோரா என்றால் வீடு வீடாகப் போய் உடம்பைப் பற்றிப் பேசும் உள்ளூர்ப் பெண்கள். நம் ஊர் கிராம சுகாதார நர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊசி போட மாட்டார்கள், பேசுவதோடு சரி.) உள்ளே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "கமார்கோவில் என் அக்கா பொண்ணுக்கு அஞ்சாம் கிளாஸ்லயே ஸ்கூல்ல வச்சுப் போட்டாங்களே, கான்சர் வராம இருக்க, அதுவா இது? அப்போ ஏன் அன்னிக்கே சொல்லலை?"

கமார்கோ ஆற்றுக்கு அக்கரை. மெக்ஸிகோ 2012லிருந்து ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நாடு முழுக்க இதைப் போட்டு வருகிறது. இக்கரையில் உட்கார்ந்துகொண்டு நான் 'கல்ச்சர்' பேசிக்கொண்டிருந்தேன். பையனுக்கோ பதினைந்து தாண்டிவிட்டது, அப்போதைய விதிப்படி இரண்டு ஊசி மூன்றாகிவிட்டது. அதற்காக இன்னும் ஒரு முறை டிரக் இரவல், இன்னும் ஒரு நாள் கூலி. என் இழுவைக்கு அவர் கட்டிய அபராதம்.

யோசித்துப் பார்த்தால் அன்றைக்குக் கூச்சப்பட்டது நான். கடையில் சானிட்டரி நாப்கினைக் கறுப்புப் பாலிதீன் கவரில் சுற்றி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். எச்.பி.வி. உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, அந்தச் சங்கடத்தை அவர் தலையில் கட்டிவிடுகிறோம். ஆனால் நாடு தழுவிய பதின்வயதினர் தடுப்பூசிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். முதல் ஊசி போட்டுக்கொள்வதில் ஹிஸ்பானிக் (மெக்ஸிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) பிள்ளைகள் பல வருடங்களாக வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை, பெரும்பாலும் மேலேதான். பின்தங்குவது கிராமப்புறம். கல்ச்சர் காரணம் என்றால் ஹூஸ்டனில் இருக்கும் அதே குடும்பத்துச் சொந்தக்காரர்கள் மட்டும் எப்படிப் போட்டுக்கொள்கிறார்கள்?

இந்த ஊரில் இந்த ஊசி ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், பின்னால் பிடித்து நிறுத்த ஆள் இல்லை என்பதுதான் பதில். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வர வருடக்கணக்காகும், நடுவில் பாப் பரிசோதனை செய்தால் பிடித்துவிடலாம், நாம் படித்ததெல்லாம் சரி. ஆனால் 2011இல் டெக்சஸ் சட்டசபை குடும்பநல நிதியை மூன்றில் இரண்டு பங்கு வெட்டியது, கிளினிக்குகள் வரிசையாக மூடின. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் ஏராளம், ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகெய்டை இந்த மாநிலம் விரிவாக்கவும் இல்லை. அப்புறம் ஃபால்ஃபூரியாஸ். எல்லைக் காவல்படையின் அந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டாமல் 281ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போக முடியாது, குடியேற்றக் காகிதம் இல்லாத ஒரு பெண்ணுக்குப் பரிசோதனையில் கோளாறு தெரிந்தால் சான் அன்டோனியோவில் எத்தனை பெரிய ஆஸ்பத்திரி இருந்தும் அவளுக்கு அது இல்லை. பன்னிரண்டு வயதில் போடும் ஊசிக்கு எந்தச் சாவடியும் கிடையாது.

காசும் தடை இல்லை. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1994லிருந்து நடக்கிறது. பத்தொன்பது வயதுக்குக் கீழே, இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் மருந்து இலவசம், குடியுரிமை கேட்பதில்லை. ஊசி போடும் கட்டணத்தைக் கொடுக்க முடியாவிட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. உங்கள் ரிசப்ஷனில் இருப்பவருக்கு இது தெரியுமா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். எங்கள் கிளினிக்கில் தெரிந்திருக்கவில்லை.

ஸ்கூலுக்குக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன என்பீர்கள். 2007 பிப்ரவரியில் கவர்னர் ரிக் பெர்ரி ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அதைத்தான் உத்தரவாகப் போட்டார், சில மாதங்களில் சட்டசபை தூக்கி எறிந்துவிட்டது. அதற்குப் பின்னும் அது கட்டாயமாகவில்லை, ஆகும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் கட்டாயமாக்காமல் ஸ்கூலுக்கே கொண்டுபோய்ப் போடலாம். கால்வெஸ்டனில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளை ரியோ கிராண்டே சிட்டியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அதைச் செய்து பார்த்தது. வெறுமனே விளக்கம் சொன்ன பள்ளிகளைவிட, வளாகத்திலேயே ஊசி போட்ட பள்ளியில் அதிகப் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். அம்மா கையெழுத்து மட்டும் போட்டால் போதும், டிரக் வேண்டாம், கூலி போகாது. உங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், ஒரு மாலை போய்ப் பேசுங்கள். டாக்டர் வந்து பேசினால் இந்த ஊரில் இன்னும் காது கொடுக்கிறார்கள்.

அதுவரை கிளினிக்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான், கேட்காதீர்கள், சொல்லுங்கள். டீடாப்பை 'விருப்பம் இருந்தால்' என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், எச்.பி.வி.யை நடுவில் வையுங்கள். பையனுக்கும் சொல்லுங்கள், இதே வைரஸால் தொண்டைப் புற்றுநோய் ஆண்களுக்கும் வருகிறது. சந்தேகம் இருந்தால் அவர்களே கேட்பார்கள், அப்போது விவரமாகப் பேசலாம். அட்டவணை ஒரு ஊசி, இரண்டு ஊசி என்று எப்படி மாறினாலும், முதல் ஊசி உள்ளே போகாத பிள்ளைக்கு அந்த விவாதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஸ்பானிஷ் வராது என்று சாக்கு சொல்லாதீர்கள், ஒரு வரி போதும்: "ஓய் லே தோக்கான் த்ரெஸ் வாகுனாஸ்", இன்றைக்கு மூன்று ஊசி முறை. தமிழில் எழுதி என் மேஜை ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் அதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் நர்ஸ் சிரிக்கிறார், ஊசியை எடுத்து வைத்துக்கொண்டே.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் வந்த ஒருத்தி