நேவிக் நேரத்தை மேலே போய் அளப்போம்: துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகம் பாப்கேட்-1 என்றொரு குட்டிச் செயற்கைக்கோளைச் செய்தது. அகலமும் உயரமும் 10 செ.மீ., நீளம் ஏறக்குறைய ஒரு ஸ்கேல். 2020 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அதை வெளியே விட்டார்கள். 2022 ஏப்ரல் வரை சுற்றியது. அதன் முக்கிய வேலை, ஜி.பி.எஸ்., ஐரோப்பாவின் கலிலியோ போன்ற இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்புகளின் நேரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக ஓடுகின்றன என்று அளப்பது.

இந்த அமைப்புகளில் நேரத்தை வைத்துத்தான் தூரத்தையே கணக்கிடுகிறோம். ஒரு நானோ விநாடி பிசகினால் 30 செ.மீ. பிசகும். இரண்டு அமைப்புகளின் சிக்னலைக் கலந்து இடம் காணும் ரிசீவருக்கு நேர வித்தியாசம் தெரியாவிட்டால், அதைக் கண்டுபிடிக்கவே கூடுதலாக ஒரு செயற்கைக்கோள் தேவை. அடுக்குமாடிகள் நெருங்கிய தெருவில் அந்த ஒன்று சிக்குவதே பெரும்பாடு. சரி, தரையிலிருந்தே அளக்கலாமே என்றால், காற்றுமண்டலமும் சுவர்களில் பட்டுத் திரும்பும் சிக்னலும் கணக்கைக் குழப்பும். மேலே அந்தத் தொல்லை குறைவு.

இந்தியாவின் இடங்காட்டும் அமைப்பான நம் நேவிக்குக்கும் தனி நேரம் உண்டு. அதற்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் மாணவர் செயற்கைக்கோளை நீங்கள் ஏன் செய்யக்கூடாது? 2009-லேயே அண்ணா பல்கலைக்கழகம் செய்த அனுசாட் செயற்கைக்கோள் பறந்த மாநிலம் இது. முழுச் செயற்கைக்கோளுக்கு வசதியில்லையா, இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தைச் சோதனை மேடையாக்கும் போயம் இருக்கிறது. நேரத்தை அளக்கும் ரிசீவர் கருவியை மட்டும் செய்து, அதில் இடம் கேட்டுப் பாருங்கள்.

கருவி லேசான காரியமில்லை. கடையில் வாங்கும் ரிசீவர்கள் பலவும் 18 கி.மீ. உயரத்தையும் மணிக்கு சுமார் 1,900 கி.மீ. வேகத்தையும் தாண்டினால், ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாக, இடம் சொல்வதை நிறுத்திவிடும். செயற்கைக்கோளோ விநாடிக்கு ஏழரை கி.மீ. ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் சிக்னலின் அதிர்வெண் பல கிலோஹெர்ட்ஸ் நகர்ந்து வரும். தரைக்கு எழுதிய மென்பொருள் அதைப் பிடிக்காமல் கோட்டைவிடும். இதைத் தன் கையால் எழுதிப் பிழை திருத்திய மாணவி கற்றுக்கொள்வதை எந்த வகுப்பாலும் தர முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் இதைக் கடைசி வருட புராஜெக்ட்டாக வைக்காதீர்கள். பழைய பேட்ச் போகும்போது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வேலையைக் கையில் எடுத்திருக்க வேண்டும். ஏவிய பிறகு ராத்திரி தரைநிலையத்தில் உட்கார்ந்து டேட்டா இறக்குபவர்களுக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். வந்த அளவீடுகளை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். அப்புறம், முதல் கூட்டத்துக்கு நில அளவை படிப்பவர்களையும் கூப்பிடுங்கள். அந்த 30 செ.மீ. அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவர்