தனி வகுப்பில் யார் பேச வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனியாக ஆசிரியர் வைத்து ஆங்கிலம் கற்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல ஆசிரியரை எப்படித் தேடுவது என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆசிரியர் கிடைத்த பிறகு அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காசைத் தொலைப்பது அங்கேதான்.

நான் பாம்பனைச் சேர்ந்தவள். ராமநாதபுரத்தில் நர்சாக வேலை பார்க்கிறேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டுக்கு என் சம்பளம் மட்டும்தான். அதில் பிடித்து வைத்த பணத்தில்தான் வெளிநாட்டு வேலைக்குப் போக நர்ஸ், டாக்டர் போன்றோர் எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்காக ஒருவரிடம் தனி வகுப்பு சேர்ந்தேன். நன்றாகப் படித்தவர். பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு நடத்தினார். நான்கு மாதத்தில் மூன்று நோட்டு நிறைந்தது. ஆனால் அறுபது நிமிடத்தில் நான் வாய் திறந்தது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். அந்தத் தேர்விலோ நோயாளியாக ஒருவர் எதிரே பேச, நர்சாக நாம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்படி இரண்டு முறை. முதல் தடவை தேர்வுக்குப் போனபோது எனக்கு நாக்கே எழவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ‘சார், நான் பேசுகிறேன், நீங்கள் திருத்துங்கள்’ என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரிடம் போனேன். முதல் நாளே அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. “இன்னைக்கு வார்டுல எந்த இடத்துல இங்கிலீஷ் வராம நின்னம்மா?” என்று கேட்டார். ராமேஸ்வரத்துக்கு வந்த வடநாட்டு யாத்ரீகர் ஒருவரிடம் ‘எவ்வளவு நாளாக வலிக்கிறது’ என்று கேட்கத் தெரியாமல் கையைக் காட்டிச் சமாளித்ததைச் சொன்னேன். அன்று முழுக்க அந்த ஒரு கேள்விதான். ‘ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் பெயின்?’ என்பதை வயிற்றுவலி, காய்ச்சல், தலைசுற்றல் என்று மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்’ என்று நான் தவறாகச் சொல்லிவந்தது ‘ரெண்டு நாளாக் காய்ச்சல்’ என்ற நம் தமிழின் நிழல் என்பது அன்றுதான் விளங்கியது. அதன் பிறகு, வாயில் நின்றுபோன மூன்று வாக்கியங்களை எழுதி எடுத்துக்கொள்ளாமல் நான் வகுப்புக்குப் போனதே இல்லை.

உச்சரிப்பிலும் அப்படித்தான். மாத்திரைக்கும் (pill), கட்டணச் சீட்டுக்கும் (bill), நிரப்புவதற்கும் (fill) என் வாயில் ஒரே ‘பில்’. நம் எழுத்தில் மூன்றுக்கும் பெரும்பாலும் ‘ப’ ஒன்றுதானே இருக்கிறது! இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று சொல்ல, தமிழ் தெரிந்த ஆசிரியரால் முடிகிறது. வெளிநாட்டுக்காரரிடம் ஆன்லைனில் படித்தால்தான் மொழி வரும் என்று கூடுதல் கட்டணம் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நான் ஒரு மாதம் முழுக்க இந்த ஒலிகளை மட்டும் பிடித்துக்கொண்டேன். மற்ற பிழைகளை அந்த மாதம் டீச்சரும் தொடவில்லை.

இன்னொன்றும் நானே கேட்டுப் பெற்றது: பேசும்போது நடுவில் நிறுத்தாமல், குறித்துவைத்துக்கொண்டு பிறகு சொல்லுங்கள் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினால் பயம்தான் மிஞ்சுகிறது. அவர் அனுமதியோடு வகுப்பை போனில் பதிவு செய்து, வீடு திரும்பும் பேருந்தில் கேட்பேன். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து, புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை எங்களுக்கு ரயில் கிடையாது. அந்த நீண்ட பேருந்துப் பயணம்தான் எனக்கு இரண்டாவது வகுப்பு. என் குரலை நானே கேட்கும்போது, வகுப்பில் காதில் விழாத பிழையெல்லாம் விழுந்தது.

பெற்றோர்கள் “எத்தனை பாடம் முடிஞ்சது?” என்றுதான் கேட்கிறார்கள். “இன்னைக்கு எவ்வளவு நேரம் பேசினே?” என்று கேளுங்கள்.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது பேச்சுப் பகுதியில், பல நாட்டு நர்சிங் கவுன்சில்கள் கேட்கும் 350 புள்ளியைத் தாண்டினேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் கரையில் கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வளைகுடா வேலைக்குக் கிளம்பும் கீழக்கரைப் பிள்ளைகள் என்று ஆங்கிலம் தேவைப்படுவோர் நிறையப் பேர். கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு தொழிலை எடுத்து, அதில் தினமும் வாயில் வர வேண்டிய ஐந்து வாக்கியங்களை வெளியிடுங்கள். நர்ஸ்களுக்கான ஐந்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.