கொழும்புக் கடதாசிக் கட்டு: வரைபவர்கள் கவனத்திற்கு

வணக்கம். நம் சீட்டுக்கட்டின் 54 கடதாசிகளில் 41 வந்து சேர்ந்துவிட்டன. ஆடுதன் (ஹார்ட்ஸ்) ராணி செட்டியார் தெரு நகைக்கடைக் கண்ணாடி முன் வெறுங்கழுத்தோடு நிற்கிறாள். தலைகீழாகத் திருப்பினால் அட்டியலோடு சிரிக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். காலிமுகத்திடலில் இறால் வடை விற்பவரே ஜோக்கர்.

ஆனால் வீரன்கள் (ஜாக்) நால்வரும் சோர்ந்து நிற்கிறார்கள். நம்மவர்கள் இந்தக் கட்டில் 304 என்ற சீட்டாட்டம்தான் ஆடுவார்கள்; அதில் ராசாவுக்கு 3 புள்ளி, வீரனுக்கு 30. மிடுக்கை ராசாவிடமிருந்து வீரனுக்கு மாற்றுங்கள். ஒன்பதுக்கும் 20 உண்டு, மறந்துவிடாதீர்கள்.

அளவு 63க்கு 88 மில்லிமீற்றர். சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக வரையுங்கள். மாதிரி அச்சில் என் இஸ்கோப்பன் (ஸ்பேட்ஸ்) ராசாவின் கிரீடம் வெட்டுக்கத்தியோடு போய்விட்டது. மீதி 13 கடதாசிகளும் ஞாயிறு இரவுக்குள் வேண்டும்.