கொழுந்து மலைகளுக்கு மேல் தாழப் பறக்காதீர்கள்: மலைநாட்டு வானில் பறக்கும் விமானிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விமானிகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் நிறுவனத்தாருக்கும், பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நடந்தது உங்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும். ஹெலிகொப்டரில் தாழப் பறந்து காணொளி எடுத்தவர்களும் நீங்கள்தான், அதைப் போட்டவர்களும் நீங்கள்தான். கீழே வந்த பாராட்டுகளுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. காணொளியில் தெரியாமல் போன பகுதியை மட்டும் எழுதுகிறேன். அதற்கு முன் என் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன்: கெமராவுக்காகக் கொழுந்து மலைகளுக்கு மேல் தாழப் பறக்காதீர்கள்.

முதல் தடவை ஹெலிகொப்டர் ஓரளவு உயரத்தில்தான் போனது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், சிலர் கை காட்டினார்கள். அதோடு போயிருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை. படம் நினைத்தபடி வரவில்லை போலும். பள்ளத்தாக்கின் முனையில் திரும்பி, பாறையை ஒட்டி, முன்னைவிடக் கீழே வந்தீர்கள். அந்தப் பாறையில் குளவி அடை கட்டியிருப்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த மலையில் கொழுந்தெடுக்கும் நாட்களில் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள், பக்கத்தில் நெருப்பு மூட்டமாட்டார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்து வேலை செய்கிற இடம் அது. உங்கள் காணொளியில் பெண்கள் கூடையோடு சரிவில் ஓடுவது நன்றாகத் தெரிகிறது. மேலே இசை போட்டிருக்கிறீர்கள். ஹெலிகொப்டரைக் கண்ட சந்தோஷத்தில் ஓடுகிறார்கள் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் குளவிக்குப் பயந்து ஓடினார்கள்.

தேயிலைச் சரிவில் ஓடுவது என்றால் என்னவென்று மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. செடி இடுப்பளவு நிற்கும். நிரைக்கும் நிரைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நடக்கத்தான் இடம். காலுக்குக் கீழே எங்கே கான் (வடிகால்) இருக்கிறது, எங்கே கல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு விரிப்பு. குளவி கலைந்தால் ஓடக்கூடாது, படங்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு செடிக்கடியில் குப்புறப் படுக்க வேண்டும் என்று வயதானவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். என் சித்தி அப்படித்தான் படுத்தார். பக்கத்து நிரையில் நின்ற பிள்ளை வேலைக்குப் புதிது, அது எழுந்து ஓடியது. சித்தி எழுந்து போய் அந்தப் பிள்ளையை இழுத்துக் கீழே தள்ளி, தன் படங்கால் மூடிவிட்டார். அப்போதுதான் அவர் முகத்திலும் கழுத்திலும் கையிலும் கொட்டு விழுந்தது. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு கண்ணும் மூடிக்கிடந்தன, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவரோடு இன்னும் சிலர். எல்லாரும் பிழைத்துவிட்டார்கள், கடவுள் புண்ணியம். மலைநாட்டில் குளவி கொட்டிச் செத்தவர்களின் செய்தியைப் படித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே பிழைத்ததையே பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, அப்புறம்? கொழுந்து நிறை குறைந்ததால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குப் பேர் இல்லை. வீங்கிய விரலை மடக்க முடியாமல் லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், இருந்த நாட்களுக்கும் பேர் இல்லை. 2021இல் 1,000 ரூபாயாக இருந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆவதற்கு 2024 செப்டெம்பர் வரை காத்திருந்தவர்கள் இவர்கள். நாட்சம்பளத்தில் ஒரு வாரம் போனால் அடுத்த மாதம் கடைக்காரரிடம் எப்படி முகம் கொடுப்பது என்ற கவலை வரும். உங்கள் காணொளியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையை நான் கவனித்தேன். சித்தி அதைப் பார்க்கவில்லை. அவரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

குளவி கலைய வேறு காரணமும் இருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். பருந்து தட்டினாலும் கலையும், பலத்த காற்றுக்கும் கலையும், அது உண்மை. ஆனால் ஹெலிகொப்டரின் இறக்கை கீழே தள்ளுகிற காற்று எவ்வளவு பலமானது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதைப் பாறைக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, பருந்தின் மேல் பழி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் அலாஸ்காவிலும் ஐடஹோவிலும் சிறு விமானங்களை ஆற்று மணலிலும் மலைப் புல்வெளியிலும் இறக்குகிற விமானிகளின் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் திறமையின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அலாஸ்காவில் எத்தனையோ ஊர்களுக்குத் தெருவே கிடையாது. தபாலும் மருந்தும் நோயாளியும் விமானத்தில்தான் போகவேண்டும். தேவைக்காகப் பிறந்த பறப்பு அது. அங்கே பழகிய ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் எச்சரிக்கைதான்: பள்ளத்தாக்கின் நடுவில் போகாதே, ஒரு பக்கத்தை ஒட்டிப் போ, திரும்ப வேண்டி வந்தால் முழு அகலமும் உனக்கு வேண்டும். தரை உயர்ந்துகொண்டே போகும் பள்ளத்தாக்குக்குள் கீழிருந்து நுழையாதே, உன் இயந்திரத்தைவிட மலை வேகமாக ஏறும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு நண்பகலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, கணக்குக்கு அளவுகோலாக வைத்திருக்கும் நியம வளிமண்டலத்தில் 8,000 அடிக்கு மேல் இருக்கும் காற்றின் அடர்த்திதான். சாதாரண சிறு விமான இயந்திரம் அந்தக் காற்றில் தன் வலுவில் கிட்டத்தட்ட கால் பங்கை இழந்துவிடும். இறக்கைக்கும் பிடிமானம் குறையும். ஒடுங்கிய இடத்தில் திரும்புவதற்காக விமானத்தை 60 பாகை சரித்து, உயரம் இழக்காமல் திருப்பினால், அது உயர்த்துவிசையை இழந்து விழக்கூடிய வேகம் 41 சதவீதம் கூடிவிடும். கொழும்புக்கு மேலே தாராளமாகச் செய்கிற ஒரு திருப்பம் இங்கே உயிருக்கு உலை வைக்கும். போதாததற்குப் பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே மின்கம்பிகள் போகின்றன. சில தோட்டங்களில் கொழுந்து மூட்டை இறக்கிய பழைய கம்பிகள் இன்னும் நிற்கின்றன. பிற்பகலில் பனிமூட்டம் எந்த நிமிடம் இறங்கும் என்று இங்கே பிறந்தவர்களாலேயே சொல்ல முடியாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தவர்கள் ஏன் இரண்டாவது தடவை இன்னும் கீழே வந்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. தனியாகப் பறக்கிற விமானி காற்றையும் மலையையும் பார்த்து முடிவெடுப்பார். கெமரா ஏறிக்கொண்டதும், இதைப் பார்க்கப் போகிறவர்களும் அவரோடு ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்கு முதல் தடவை போதாது, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வேண்டும்.

இது எங்கே போய் முடியும் என்பதற்குக் கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 2021 நவம்பரில் ட்ரெவர் ஜேக்கப் என்ற யூடியூப்காரர், இயந்திரம் நின்றுவிட்டதாகக் காட்டி, பறந்துகொண்டிருந்த தன் சிறு விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்தார். ஆளில்லாத விமானம் ஒரு தேசியக் காட்டுக்குள் போய் விழுந்தது. குதித்ததும் விழுந்ததும் விமானத்தில் பொருத்தியிருந்த கெமராக்களில் அழகாகப் பதிவாகியிருந்தன. ஒரு விளம்பர ஒப்பந்தத்துக்காக வேண்டுமென்றே செய்தது அது என்று பிறகு தெரிந்தது. விமானி உரிமத்தைப் பறித்தார்கள். விமானத்தின் சிதைவுகளை அழித்து விசாரணையைத் தடுத்ததற்காக 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். நீங்கள் அவரைப் போன்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் விமானம் விழுந்த இடத்தில் யாரும் இருக்கவில்லை. எங்கள் மலைகளில் அப்படி ஓர் இடத்தைக் காட்ட முடியுமா? எந்தச் சரிவிலும் கொழுந்தெடுக்கிற பெண்கள், எந்த மடிப்பிலும் ஒரு லயம், ஒரு கோயில், ஒரு பாடசாலை.

மேலிருந்து விழுவதென்றால் என்ன என்று இந்த மலைகள் அறியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்கள் அந்த இரவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 2020 ஜனவரி 3ஆம் திகதி விமானப்படையின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நான்கு பேர் போனார்கள். அவர்கள் யாரும் கெமராவுக்காகப் பறந்தவர்கள் அல்ல. கடமைக்காகவும் பயணத்துக்காகவும் பறந்தவர்களையே இந்த மலைகள் இப்படி வாங்கியிருக்கும்போது, வேடிக்கைக்காக ஏன் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும்?

துணிச்சலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மண்சரிவில் தெருக்கள் அறுந்து, தோட்டங்கள் தனித்தனியாகத் துண்டுபட்டுக் கிடந்தபோது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தோம். அந்தச் சத்தம் அரிசி, மருந்து, உயிர். நவம்பர் 30ஆம் திகதி நிவாரணப் பணிக்குப் போன பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து அதன் விமானி இறந்தார். முகம் தெரியாத அந்த மனிதருக்காக எங்கள் லயங்களில் விளக்கேற்றினோம். அவரும் ஆபத்தை எடுத்துக்கொண்டவர்தான், கீழே இருந்தவர்களுக்காக. நீங்கள் எடுத்துக்கொண்ட ஆபத்தையும் கீழே இருந்தவர்கள்தான் சுமந்தார்கள், அதுவும் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இன்று அதே சத்தம் கேட்டால் சித்தி படங்கைத் தேடுகிறார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மலைநாட்டைப் படமெடுக்க வருகிற பெரும்பாலானோருக்கு நாங்கள் பின்னணி. ரயில் கதவில் தொங்குகிறவருக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிய வேண்டும், அதில் நாலு பெண்கள் கூடையோடு நிற்க வேண்டும். அந்தப் பச்சையில் அட்டை கடிக்கிறது, மழை நனைக்கிறது, லயத்துக் கூரை ஒழுகுகிறது, சொந்தமாக ஒரு துண்டு நிலத்துக்கு இருநூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதெல்லாம் உங்கள் பொறுப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம்தான்.

மக்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களுக்கும் திறந்தவெளியில் கூடியிருப்பவர்களுக்கும் மேலே 1,000 அடிக்குக் கீழும், மற்ற இடங்களில் 500 அடிக்குக் கீழும், சிறப்பு அனுமதி இல்லாமல், இறங்கவோ ஏறவோ தவிரப் பறக்கக்கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொதுவான விதி. ஒரு மலையில் நிரை பிடித்து நிற்கிற முப்பது நாற்பது பெண்கள் திறந்தவெளியில் கூடியிருப்பவர்கள் இல்லையா? தயவுசெய்து அவர்களை அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். கெமராவுக்காகக் கொழுந்து மலைகளுக்கு மேல் தாழப் பறக்காதீர்கள். அனுமதியோடு தாழப் பறக்க வேண்டிய வேலை இருந்தால் முதல் நாளே தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடுவதற்கு முன் தகவல் வந்தால், கங்காணிமார் ஆட்களை வேறு மலைக்கு அனுப்பிவிடுவார்கள். குளவி அடை எங்கே இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். என் வகுப்பில் விமானி ஆக ஆசைப்படுகிற ஒரு பிள்ளை இருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் படிப்பின் செலவு எட்டாத உயரம், இருந்தாலும் ஆசைப்படுகிறாள். உங்கள் காணொளியை என்னிடம் கொண்டுவந்து காட்டியதும் அவள்தான். இரண்டாவது தடவை ஏன் சார் கீழே வந்தாங்க என்று கேட்டாள். உங்கள் மாணவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி கற்றுக்கொடுங்கள்.

அந்தக் காணொளியை எடுத்துவிடுங்கள். அன்று கொட்டு வாங்கியவர்களின் இழந்த நாட்சம்பளத்தைக் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் தோட்டத்துத் தலைவரிடம் இருக்கிறது. ஏப்ரல் வசந்தகாலத்துக்கு நுவரெலியா நிறையும்போது வானமும் நிறையும். அதற்கு முன் எங்களுக்கு ஒரு பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு, மரியாதையுடன்,
தோட்டப்புறப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்